ஜெல் போட்ட முடியும் கடலைமிட்டாயும்

போன மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கல்யாண வரவேற்பு. நண்பனின் தம்பி பக்கவாட்டில் ஒட்ட வெட்டி, முன்முடியை மட்டும் இரண்டு விரற்கடை விட்டு, ஜெல் போட்டு முள்முள்ளாக நிறுத்தி வந்திருந்தான். ஏசி மண்டபத்துக்குள் இருந்தவரை கம்பி மாதிரி நின்றது. சாப்பாடு வெளியே, புல்வெளியில். கடல்காற்றில் அரை மணி நேரம் போனதும் ஒவ்வொரு முள்ளாகச் சாய ஆரம்பித்தது. தொட்டால் பிசுபிசுப்பு. வியர்வைதான் காரணம் என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தான் பாவம். வியர்க்காமல் இருந்திருந்தாலும் அந்தக் காற்று ஒன்றே போதும், அதைச் சாய்க்க.

முதலில், குட்டை முடி எதனால் நிற்கிறது? தென்னை ஈர்க்கு ஒன்றை நுனியில் பிடித்துப் பாருங்கள். முழு நீளத்துக்கும் இருந்தால் வளைந்து தொங்கும். விரல் நீளத்துக்கு ஒடித்துப் பிடித்தால் நேராக நிற்கும். ஒரு முனையில் ஊன்றிய குச்சி தன் எடையால் எவ்வளவு தொய்கிறது என்பது நீளத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. நீளம் பாதியானால் தொய்வு பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆகவே குட்டை முடியில் எடை பெரிய சிக்கல் இல்லை. அதை நாம் விரும்பும் பக்கம் திருப்பி, அங்கேயே இருக்க வைப்பதுதான் வேலை.

அந்த வேலையைத் தொடங்கி வைப்பது தண்ணீர். சலூனில் உட்கார்ந்ததும் புஸ் புஸ் என்று தண்ணீர் அடிப்பது கத்தரிக்கு மட்டும் வசதியாக அல்ல. முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் இழைகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் என்ற மெல்லிய கட்டுகள் ஆயிரமாயிரமாக இழுத்துப் பிடித்திருக்கின்றன. தண்ணீர் நுழைந்தால் அவை அவிழும். உலரும்போது முடி எந்த வளைவில் இருக்கிறதோ அந்த வளைவிலேயே மறுபடி கட்டிக்கொள்ளும். தலையணையில் அழுந்திக் கோணிய முடி எத்தனை முறை வாரினாலும் படியாமல், கொஞ்சம் நனைத்ததும் படிவது இதனால்தான். காற்றின் ஈரத்துக்குக்கூட முடி அசையும். 1783-ல் சொசூர் என்ற ஜெனீவா விஞ்ஞானி ஈரப்பதம் அளக்கும் கருவியையே மனிதத் தலைமுடியை வைத்துச் செய்தார். முற்றிலும் வறண்ட காற்றிலிருந்து முழு ஈரக்காற்றுக்குப் போனால் முடி ஏறக்குறைய 2 சதவீதம் நீளும்.

இப்போது ஜெல்லுக்கு வருவோம். டப்பாவில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதை வழுவழுவென்று கெட்டியாக்க கார்போமர் என்ற பொருள். முடியைப் பிடித்து நிறுத்துவது அதில் கரைந்திருக்கும் பாலிமர், அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன பொருள். பல ஜெல்களில் அது பி.வி.பி. (பாலிவினைல்பைரோலிடோன்). ஜெர்மன் வேதியியலாளர் வால்டர் ரெப்பே 1930-களில் கண்டுபிடித்த இந்தப் பொருளை இரண்டாம் உலகப்போரில் காயம்பட்டவர்களுக்கு ரத்த பிளாஸ்மாவுக்குப் பதிலாக ஏற்றினார்கள். அதற்கப்புறம்தான் தலைக்கு வந்தது. அதுவரை ஹேர் ஸ்ப்ரேயில் இருந்தது நம் மரங்களிலும் பூச்சி சுரக்கும் அரக்கு.

ஜெல்லின் தண்ணீர் உலர உலர, இரண்டு முடிகள் தொட்டுக்கொள்ளும் இடங்களில் பாலிமர் சுருங்கி, கண்ணாடிபோல் இறுகி, சின்னச் சின்னப் பற்றவைப்புகளாக மாறுகிறது. பத்து முடி தனித்தனியாக இருந்தால் விறைப்பும் பத்து மடங்கு. அவையே முழுக்க ஒட்டி ஒரே குச்சியானால் கிட்டத்தட்ட நூறு மடங்கு. கட்டு அவிழ்ந்த விளக்குமாற்றையும் இறுகக் கட்டியதையும் கையில் பிடித்துப் பார்த்தவருக்கு இது புதிதில்லை.

கோளாறும் அங்கேயேதான் இருக்கிறது. கடலைமிட்டாயை நினைத்துக்கொள்ளுங்கள். பதமாகக் காய்ச்சிய வெல்லப்பாகு ஆறியதும் கண்ணாடி மாதிரி இறுகி, கடித்தால் மடக்கென்று உடைகிறது. அதையே மழைநாளில் திறந்து வைத்தால் மறுநாள் பல்லில் ஒட்டும். பி.வி.பி.யும் வெல்லம்போல் தண்ணீரை விரும்பி இழுக்கும். காற்றிலிருந்து வரும் நீர் மூலக்கூறுகள் பாலிமர் சங்கிலிகளின் நடுவே புகுந்து அவற்றை வழுக்க விடும், கண்ணாடி பிசினாகிவிடும். முடியின் உள்ளேயும் அதே ஈரம் ஹைட்ரஜன் பிணைப்புகளை அவிழ்க்கிறது. அந்தத் தம்பியின் முட்கள் சாய்ந்தது இப்படித்தான். லேபிளில் வி.பி./வி.ஏ. கோபாலிமர் (பி.வி.பி.யின் கலப்பு வகை) என்று இருந்தால் அது ஈரத்தைக் குறைவாக இழுக்கும், கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். உலர்ந்த ஜெல்லின் மேல் சீப்பு போட்டால் உதிரும் வெள்ளைத் தூளைப் பொடுகு என்று பலர் பயப்படுகிறார்கள். அது கண்ணாடிபோல் இறுகி உடைந்த பாலிமர்தான், பயம் வேண்டாம்.

தலைக்குப் போடும் மெழுகுப் பசைகளான வேக்ஸும் பொமேடும் வேறு வழியில் வேலை செய்கின்றன. அவை உலர்வதே இல்லை. தட்டில் வைத்த வெண்ணெய் வைத்த இடத்தில் நிற்கும், எண்ணெய் ஓடிவிடும், இல்லையா? அந்த வெண்ணெய்க் குணம்தான் இங்கே பிடிப்பு. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியிலேயே உருகுவதால் நம் ஊரில் முடியைப் படிய வைக்குமே தவிர நிறுத்தாது. தேன்மெழுகு உருக 60 டிகிரிக்கு மேல் வேண்டும். 1928-ல் பர்மிங்காமில் பிறந்த பிரில்கிரீமும் கனிம எண்ணெயையும் தண்ணீரையும் தேன்மெழுகு சேர்த்துக் குழைத்ததுதான். வேக்ஸை விரல் நுனியில் பட்டாணி அளவு எடுத்து உள்ளங்கையில் தேயுங்கள். முதலில் திரிதிரியாக இருக்கும். கைச்சூட்டில் அந்தத் திரி மறைந்து, கை லேசாகப் பளபளக்கும். அந்த நொடியில்தான் தலையில் வைக்க வேண்டும். அதற்கு முன்னால் வைத்தால் ஒரே இடத்தில் கட்டியாக ஒட்டிக்கொள்ளும்.

கிளே என்பது இதே மெழுகில் கயோலின், பெண்டோனைட் போன்ற களிமண் சேர்த்தது. மண்துகள் தலையின் எண்ணெயை உறிஞ்சும்; முடிகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்காமல் சொரசொரப்பு கொடுக்கும்; ஒளியைச் சிதறடிப்பதால் மினுக்காது. கடலோர ஊர்களில் மெல்லிய முடி உள்ளவர்களுக்கு ஜெல்லைவிட இதுதான் சரி என்பேன். மெழுகும் எண்ணெயும் காற்றின் ஈரத்தை இழுப்பதில்லை.

ஒரு சிரமம், கழுவுவது. ஜெல் வெறும் தண்ணீரிலேயே கரைந்துவிடும். மெழுகு கரையாது. முதலில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தேய்த்தால் அதோடு குழைந்துகொள்ளும். அப்புறம் ஷாம்பு, அல்லது சபோனின் என்ற நுரைக்கும் பொருள் உள்ள நம் சீயக்காய் போட்டால் இரண்டும் சேர்ந்தே போய்விடும்.