புதுக் குளத்தில் வெள்ளைத் தூள் எங்கிருந்து வருகிறது?

தென்னாப்பிரிக்காவில், டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "டிசம்பர் லீவுக்குப் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள் என்று நீச்சல் குளத்துக்குப் புதிதாக மார்பிலைட் பூசினோம். தண்ணீர் நிரப்பிய மறுநாளே பால் மாதிரி கலங்கல், தரையெல்லாம் வெள்ளைத் தூள். பூசியவர் தண்ணீரைக் குறை சொல்கிறார். மாமியார் கண்ணேறு என்கிறார். எது சரி?"

மாமியார் திருப்திக்கு எலுமிச்சம்பழம் சுற்றிப் போடுங்கள், குளத்துக்குள் மட்டும் பிழிய வேண்டாம். பூசியவர் சொன்னதில் கால்வாசி உண்மை உண்டு. மீதி, அவர் பூசிய சுவரிலேயே இருக்கிறது.

மார்பிலைட் என்பது வெள்ளை சிமெண்டும் பளிங்குத் தூளும். சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றுச் சுண்ணாம்பு, உபரியாக உண்டாகிறது. இறுகிய சிமெண்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இதுதான். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரை கிராமுக்கு மேல் கரையும். அது கசியக் கசிய பிஎச், அதாவது தண்ணீரின் அமில-கார அளவு, ஏறும். தண்ணீரிலுள்ள பைகார்பனேட் கார்பனேட்டாகி, கால்சியத்தோடு சேர்ந்து தூளாகப் படியும்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். பள்ளிக்கூடத்தில் தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் குழாய் வைத்து ஊதியிருப்பீர்கள், வெள்ளையாகக் கலங்கும். உங்கள் குளத்தில் நடப்பதும் அதே வினைதான். ஆனால் எங்கே நடக்கிறது என்பதில்தான் எல்லாமே. நடுத்தண்ணீரில் நடந்தால் தூள். சுவரின் நுண்துளைக்குள்ளேயே நடந்தால் கல்! கால்சியம் கார்பனேட் சுண்ணாம்பைவிட நூறு மடங்கு குறைவாகத்தான் கரையும். இன்னொரு அழகு, தான் பிறந்த சுண்ணாம்பைவிட அது பத்து சதவீதத்துக்கும் சற்று அதிகமாக இடம் பிடிக்கும். அதனால் துளையின் வாயை அதுவே அடைத்துக்கொள்கிறது. உள்ளே மிச்சமிருக்கும் சுண்ணாம்புக்கு வெளியே வர வழியில்லை. கொத்தனார் விட்ட வேலையை வேதியியல் முடித்துத் தருகிறது.

அதற்குத் தண்ணீரில் பைகார்பனேட் போதிய அளவு இருக்க வேண்டும். டர்பன் குழாய்த் தண்ணீர் மென்னீர், அதில் அது குறைவு. பூசியவர் சொன்ன கால்வாசி உண்மை இதுதான். மருந்து, சமையலறை பேக்கிங் சோடா. 50,000 லிட்டர் குளத்தில் காரத்தன்மையை, அதாவது இந்த பைகார்பனேட் இருப்பை, 40 பிபிஎம்மிலிருந்து (லிட்டருக்கு மில்லிகிராம்) 80க்கு உயர்த்த சுமார் 3.4 கிலோ போதும். நிரப்பும்போதே கலந்திருந்தால் நல்லது, இப்போது போட்டாலும் பலன் உண்டு. பளபள பாட்டிலில் விற்கும் "காரத்தன்மை உயர்த்தி" பலவும் இதே சோடாதான், விலைதான் வேறு.

பிஎச் ஏறிவிட்டதே என்று பூல் ஆசிட்டை வாளி வாளியாகக் கொட்டும் வழக்கம் மட்டும் எனக்கு ஆகவே ஆகாது. ஆசிட் சுண்ணாம்பையும் தின்னும், இப்போதுதான் உருவான கல்லையும் தின்னும். தூள் மறையும், சுவர் சொரசொரப்பாகும். தினமும் பிஎச் பார்த்து, 7.8ஐத் தாண்டினால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். வாளித் தண்ணீரில் ஆசிட்டை ஊற்றிக் கலந்த பிறகு, பம்ப் ஓடும்போது குளத்தில் விடுங்கள்.

மற்றதெல்லாம் உடலுழைப்பு. காலையும் மாலையும் நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, தூளை ஃபில்டருக்கு அனுப்புங்கள். மின்வெட்டில் பம்ப் நின்றாலும் பிரஷ் நிற்க வேண்டாம், படிந்த தூள் சுவரிலேயே இறுகிவிடும். தானாக ஊர்ந்து தரையைச் சுத்தம் செய்யும் கிரீப்பியை முதல் வாரத்திலேயே இறக்காதீர்கள். உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் உப்பு குளோரினேட்டர் இருந்தால், உப்பை 28 நாள் கழித்துப் போடுங்கள்.

அப்புறம் குளோரின். பிஎச் 7.5ல் அதில் பாதி, கிருமியைக் கொல்லும் வடிவில் இருக்கும். 8.5 ஆனால் பத்தில் ஒரு பங்குதான். அதனால் முதலில் பிஎச்சை அடக்குங்கள், பிறகு குளோரின். தண்ணீர் தெளிந்து, தரை கண்ணுக்குத் தெரிந்து, குளோரினும் அளவாக நின்றுவிட்டால் பேரப்பிள்ளைகளை இறக்கிவிடலாம், 28 நாள் காத்திருக்கத் தேவையில்லை.