வீட்டில் கழுவிய பிலிம் கெட்டால்: முதலில் விளிம்பைப் பாருங்கள்

தருமபுரி பக்கம் இப்போது சில இளைஞர்கள் பழைய கேமராவில் கருப்பு வெள்ளை ரோல் போட்டு, வீட்டிலேயே கழுவிப் பார்க்கிறார்கள். சரியாக வராததை ஸ்டுடியோவுக்கு எடுத்து வந்து, "பிலிமே மட்டம் போலண்ணா" என்பார்கள். நான் படத்தைப் பார்ப்பதற்கு முன் விளிம்பைத்தான் பார்ப்பேன்.

விளிம்பில் உள்ள எண்களும் கம்பெனிப் பெயரும் தொழிற்சாலையிலேயே ஒளியால் பதிக்கப்பட்டவை. படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசலான டெவலப்பர் பட்டால்தான் தெரியும். எண்கள் கருப்பாக இருந்து படம் மட்டும் இல்லையென்றால் கழுவியதில் குற்றமில்லை. பெரும்பாலும் கேமராவுக்குள் ரோல் நகரவே இல்லை. எண்களும் காணோமா? டெவலப்பர் செத்திருக்கும், அல்லது டெவலப்பருக்குப் பிறகு படத்தை நிலைநிறுத்த ஊற்றும் ஹைப்போவை அவசரத்தில் முதலில் ஊற்றியிருப்பீர்கள். எண்கள் பளிச்சென்று இருந்தும் படம் வெளிறியிருந்தால், எடுக்கும்போதே வெளிச்சம் போதவில்லை. இரண்டுமே வெளிறியிருந்தாலும் டெவலப்பரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

நம் ஊரில் பெரிய வில்லன் தண்ணீர்தான். டெவலப்பருக்கான நேரக் கணக்கெல்லாம் 20 டிகிரிக்கு எழுதியது. சித்திரையில் மொட்டை மாடி சின்டெக்ஸ் தண்ணீர் எங்கே, அது எங்கே! அதே நேரம் வைத்தால் நெகட்டிவ் கரியாகிவிடும். ஒரு டிகிரி கூடினால் நேரத்தில் பத்து சதவீதம் குறையுங்கள்; 20 டிகிரியில் 9 நிமிடம் என்றால் 24 டிகிரியில் சுமார் 6. ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் திட்டுத் திட்டாக வரும், அதனால் குளிர வைப்பதே மேல். ஐஸை டெவலப்பருக்குள் போட வேண்டாம், பாட்டில்களை டப்பில் நிறுத்திச் சுற்றிலும் போடுங்கள். கடைசியாக அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும். சில்லென்று இருந்த பிலிமைச் சுடுதண்ணீரில் அலசினால் பிலிமின் மேலுள்ள ஜெலட்டின் பூச்சில் சுருக்கம் விழுந்து, படம் முழுக்க வலை போலக் கோடுகள் தெரியும். அதற்கு வைத்தியமே கிடையாது.

அப்புறம் உப்புத் தண்ணீர். நம் மாவட்டத்து போர் தண்ணீர் என்றதும் புளோரைடுதான் நினைவுக்கு வரும். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். பிலிமுக்கு அதனால் வம்பில்லை, கால்சியம்தான் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் படியும். நகத்தால் சுரண்டாதீர்கள். கேன் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீர் சொட்டாக நிற்காமல் வழியச் செய்யும் வெட்டிங் ஏஜென்ட் ஓரிரு சொட்டு விட்டு அலசி மறுபடி தொங்கவிட்டால் பெரும்பாலும் போய்விடும்.

பால் போல மங்கலாக இருந்தால் ஹைப்போ போதவில்லை. திரும்ப ஹைப்போவில் போட்டாலே தெளியும். ஒவ்வொரு முறையும் பிலிமின் நுனித்துண்டு ஒன்றை அதில் போட்டு, தெளிய ஆகும் நேரத்தைப் பாருங்கள். அதைப் போல இரண்டு மடங்கு நேரம் பிலிமை ஹைப்போவில் வைக்க வேண்டும். புது ஹைப்போவில் ஆனதைவிட இரு மடங்கு நேரம் பிடித்தால் அந்த ஹைப்போ தீர்ந்தது.

தீர்ந்த ஹைப்போவில் வெள்ளி இருக்கும். கிணற்றோரத்திலோ செடிக்கோ ஊற்ற வேண்டாம். பல டெவலப்பர்களில் உள்ள மெட்டால் என்ற ரசாயனம் சிலருக்குக் கையில் அரிப்பும் புண்ணும் உண்டாக்கும், கையுறை போடுங்கள். எதையும் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், லேபிள் ஒட்டினாலும் சரி. வீட்டுக் குழந்தைக்கு லேபிள் படிக்கத் தெரியாது.