அறுவடை இயந்திரம் போன பிறகு வயலில் மிஞ்சும் செலவு

மதுரைப் பக்கத்துப் பெரியாறு பாசனத்தில் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரையுள்ள 45,041 ஏக்கர் இருபோக நிலம். கள்ளந்திரிக்குக் கீழே மேலூர்ப் பகுதியில் 85,563 ஏக்கரும் திருமங்கலம் பிரதான கால்வாயில் 19,439 ஏக்கரும் ஒருபோக நிலம். இந்த ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, முழுவதிலும் தை, மாசி மாதங்களில் கையால் கதிர் அறுக்கிற வயலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. சேலம், ஆத்தூர்ப் பக்கமிருந்து லாரிகளில் ஏற்றி வரப்படும் அறுவடை இயந்திரங்கள் ஊர் ஊராக நகர்ந்து, ஏக்கருக்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் நெல்லைத் தொட்டியில் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போகின்றன. வேளாண் பொறியாளராக இந்த வட்டாரத்தில் வேலை பார்க்கும் எனக்கு இயந்திரங்களின் மேல் எந்தக் கோபமும் இல்லை. அவற்றைப் பரிந்துரைப்பதுதான் என் பிழைப்பு. ஆனால் வாடகையைக் கொடுத்து வண்டியை அனுப்பியதும் கணக்கு முடிந்துவிட்டதாக நினைக்கும் பழக்கம் நம் சம்சாரிகளிடம் (விவசாயிகளிடம்) வேரூன்றிவிட்டது. வாடகைச் சீட்டில் ஏறாத செலவு ஒன்று உண்டு. அது மண்ணிலும் நிலத்தடி நீரிலும் பற்று வைக்கப்பட்டு, பிந்தைய போகங்களில் வசூலாகிறது.

இயந்திரம் வந்ததற்கான காரணத்தை யாரும் குறை சொல்ல முடியாது. அறுப்பது, கட்டுவது, களத்துக்குச் சுமப்பது, அடிப்பது, தூற்றுவது என்று ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய பதினைந்து, இருபது ஆட்கள் தேவைப்பட்ட வேலை அது. அத்தனை ஆட்கள் ஒரே நாளில் எந்த ஊரிலும் கிடைப்பதில்லை; கிடைத்தாலும் கதிர் முற்றி நிற்கும் நேரத்தில் வானம் இருட்டினால் காத்திருக்க நெஞ்சு இடம் கொடுக்காது. ஆகவே இயந்திரத்தை அழைப்பதா வேண்டாமா என்ற கேள்விக்கு இனி இடமில்லை. எந்த வண்டியை, எந்த ஈரத்தில், என்ன நிபந்தனையில் வயலுக்குள் விடுகிறோம் என்பதில்தான் லாபமும் நட்டமும் இருக்கின்றன.

டயர் வண்டி, பெல்ட் வண்டி என்று இரண்டு வகை நம் பக்கம் ஓடுகின்றன. டயர் வண்டி நெல் நிரம்பிய நிலையில் ஏழெட்டு டன் வரும். அந்த எடை முழுவதும் நான்கு சக்கரங்கள் மண்ணைத் தொடும் சிறு பரப்பின் மேல் இறங்குகிறது. பெல்ட் வண்டியின் எடை பெரும்பாலும் அதில் பாதிக்கும் குறைவு, அதுவும் நீண்ட பட்டைகளில் பரவி இறங்குகிறது. மணி வாடகையில் டயர் வண்டி மலிவு என்பதால் பலரும் அதையே கேட்கிறார்கள். காய்ந்த வயலில் கேட்பதில் தவறில்லை. மடையை அடைத்து ஒரு வாரம்கூட ஆகாத, காலடி புதைகிற வயலில் அந்த வண்டி திரும்பும் மூலைகளைப் போய்ப் பாருங்கள்: ஒரு முழம் ஆழத்துக்குப் பள்ளம் பறிந்து, ஓரத்தில் மண் பிதுங்கி, வெயில் பட்டதும் செங்கல்லாக இறுகிக் கிடக்கும். அடுத்த உழவுக்கு வருகிற டிராக்டர்க்காரர் அந்த மூலைகளை நிரவுவதற்கே கூடுதல் நேரம் எடுக்கிறார். அந்த நேரத்துக்கும் வாடகை நாம்தான் கொடுக்கிறோம். அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாட்களுக்கு முன்பே தண்ணீரை வடித்துவிட்டால் இந்தச் செலவில் பெரும்பகுதி வராது, நெல்லும் ஒரே சீராக முற்றும்.

கண்ணுக்குத் தெரிகிற பள்ளத்தைவிடத் தெரியாத இறுக்கம் மோசமானது. டிராக்டரில் பூட்டும் சுழல் கலப்பையான ரோட்டவேட்டர் வந்த பிறகு மேல் மண் மாவாகிறது, ஆனால் அதன் கத்திகள் எட்டும் ஆழத்துக்குக் கீழே போகம் தவறாமல் ஒரு கெட்டித் தளம் உருவாகிறது. இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. விரல் பருமனுள்ள கூரான இரும்புக் கம்பி ஒன்றை, நல்ல மழை பெய்து மண் பதமாக இருக்கும் நாளில், வயலில் பத்து இடங்களில் கையால் அழுத்திப் பார்த்தால் போதும். பெரும்பாலான இடங்களில் ஒரே ஆழத்தில் கம்பி முட்டி நின்றால் அந்த ஆழத்தில் தளம் இருக்கிறது. திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர்க் கரிசலில் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும், ஏனென்றால் வேர் கீழே இறங்க வழியில்லாத நிலத்தில் பெய்த மழை உள்ளே போகாமல் வரப்பு உடைத்து ஓடும். பத்து நாள் வெயில் அடித்தால் பயிர் தலை தொங்கும். மண்ணை ஆழமாகக் கீறும் உளிக் கலப்பையை மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை, மண் காய்ந்திருக்கும் கோடையில் ஓட்டினால் தளம் உடையும். ஈர மண்ணில் ஓட்டினால் உளி கத்தி போல ஒரு கோடு கிழித்துவிட்டுப் போகும், வேறொன்றும் நடக்காது. இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை: தண்ணீர் கட்டிச் சேறாக உழுது (தொழி அடித்து) நெல் மட்டுமே நடுகிற நஞ்சையில் அந்தத் தளம்தான் தண்ணீரைத் தாங்கி வைத்திருக்கிறது. யாரோ சொன்னார்கள் என்று அதையும் உடைத்துவிட்டால் பாய்ச்சிய நீர் மறுநாள் வயலில் இராது.

இயந்திர அறுவடையின் பொருளாதாரத்தில் இன்னொரு முடிச்சு நெல்லின் ஈரப்பதம். கையால் அறுத்த காலத்தில் அரிக்கதிர் வயலில் கிடந்து காய்ந்து, களத்துக்கு வரும்போதே ஓரளவு உலர்ந்திருந்தது. இயந்திரத் தொட்டியிலிருந்து நேரே கொட்டப்படும் நெல்லில் 20 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருப்பது சாதாரணம், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வரம்போ 17 விழுக்காடு. 2025-26 பருவத்துக்கு மாநில அரசின் ஊக்கத்தொகையையும் சேர்த்துச் சாதாரண ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாயும் சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. ஆனால் ஊர் முழுக்க நான்கைந்து நாட்களில் அறுத்து முடித்து, எல்லாரும் ஒரே வாரத்தில் நெல்லைக் கொண்டுபோய்க் குவிக்கும்போது, காயப்போடக் களமும் மூடி வைக்கத் தார்ப்பாயும் இல்லாதவர் அந்த விலைக்காகக் காத்திருக்க முடியாமல் சாலையோரத்திலேயே வியாபாரிக்குக் குறைத்துத் தள்ளிவிடுகிறார். அறுவடையில் மிச்சமான கூலி அங்கே போய்விடுகிறது. வண்டிக்குச் சொல்வதற்கு முன்பே களத்துக்கும் தார்ப்பாய்க்கும் ஏற்பாடு செய்துகொள்வது, முடிந்தால் பத்துப் பேர் சேர்ந்து அறுவடை நாட்களைப் பிரித்துக்கொள்வது ஆகிய இரண்டும் எந்த மானியமும் தேவைப்படாத வழிகள்.

வைக்கோல் கதையும் மாறியிருக்கிறது. இயந்திரத்துக்குப் பின்னால் நசுங்கிச் சிதறி விழும் வைக்கோலைக் கட்டு கட்டும் மிஷின் உருட்டிக் கொடுக்கிறது. மாட்டுக்காரர்களும் ஜல்லிக்கட்டுக் காளை வளர்ப்பவர்களும் கட்டுக் கணக்கில் வாங்கிப் போகிறார்கள். கைக்கு உடனே காசு. ஆனால் நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் சாம்பல் சத்தில் (பொட்டாசியத்தில்) பெரும்பகுதி நெல்மணியில் இல்லை, வைக்கோலில்தான் இருக்கிறது. ஒரு டன் வைக்கோல் வெளியே போனால் ஏறத்தாழ 15 கிலோ பொட்டாசியம் கூடவே போகிறது. முன்பு அந்த வைக்கோலைத் தின்ற மாடு நம் தொழுவத்திலேயே நின்றது, சாணமாக வயலுக்குத் திரும்பியது. இப்போது மாடு வேறு ஊரில் நிற்கிறது. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைப்பதால் தழைச்சத்தை அள்ளிக் கொட்டுகிறோம், விலை கூடுதலான பொட்டாஷைத் தள்ளிப் போடுகிறோம்; பயிர் கரும்பச்சையாகச் செழித்து, தண்டு வலுவில்லாமல் சாய்கிறது, சாய்ந்த பயிரை அறுக்க வண்டி இரண்டு மடங்கு நேரம் எடுக்கிறது. கட்டு விற்ற காசில் ஒரு பங்கைப் பொட்டாஷுக்கும் தொழுவுரத்துக்கும் ஒதுக்காமல் வைக்கோல் விற்பதை நான் ஆதரிப்பதில்லை.

கால்வாய்ப் பாசனத்தை விட்டு உசிலம்பட்டி, செல்லம்பட்டி, சேடப்பட்டி பக்கம் போனால் பேச்சு முழுவதும் ஆழ்துளைக் கிணறு (போர்), சொட்டுநீர் என்று மாறிவிடும். சிறு, குறு விவசாயிகளுக்கு நூறு விழுக்காடும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் மானியம் கிடைப்பதால் மல்லிகை, தென்னை, காய்கறி எல்லாவற்றிலும் கறுப்புக் குழாய் ஓடுகிறது. வாய்க்கால் பாசனத்தோடு ஒப்பிட்டால் ஒரு ஏக்கருக்குத் தேவையான நீர் கணிசமாகக் குறைகிறது என்பதில் ஐயமில்லை. களை குறைகிறது, உரத்தை நீரோடு கரைத்து வேருக்கே கொடுக்க முடிகிறது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் வரத்துக்கும் இந்தக் குழாய்கள் துணை நிற்கின்றன.

மிச்சப்பட்ட நீர் எங்கே போகிறது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. இரண்டு ஏக்கர் பாய்ந்த போரில் சொட்டுநீர் போட்டவர், தண்ணீர் மீதியாகிறதே என்று தரிசாகக் கிடந்த இன்னும் இரண்டு ஏக்கரைத் திருத்தி மல்லிகை வைக்கிறார். அவருடைய வருமானம் உயர்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நிலத்துக்கு அடியிலிருந்து இறைக்கப்படும் நீரின் அளவு குறையவில்லை. வாய்க்காலில் வீணாகிறது என்று நாம் சொன்ன நீரில் ஒரு பகுதி கசிந்து மீண்டும் கிணற்றுக்கே போய்க்கொண்டிருந்தது. இப்போது அந்தக் கசிவும் நின்றுவிட்டது. மோட்டார் ஓடினால் மின்கட்டணம் வராது என்பதால், எவ்வளவு இறைத்தோம் என்பதைக் காட்டும் ஒரு ரசீதுகூட விவசாயியின் கைக்கு வருவதில்லை. சூரியசக்தி மோட்டார் இதற்கு விதிவிலக்கு அல்ல. கரியமில வாயுவைக் குறைக்கும், நீர்மட்டத்தைக் காப்பாற்றாது. பாறை நிலமான நம் பகுதியில் நீர் வெடிப்புகளில்தான் நிற்கிறது. ஒருவர் ஆழப்படுத்தினால் பக்கத்துக் கிணற்றில் ஊற்று அறுகிறது, அவரும் கிணற்றுக்குள் பக்கவாட்டில் துளையிடும் சைடு போர் போடுகிறார், பிறகு இருவரும் அதிகக் குதிரைத்திறன் மோட்டாருக்கு மாறுகிறார்கள். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, மறு ஆண்டு தமிழகம் வறட்சி மாநிலமாக அறிவிக்கப்பட்டபோது, சொட்டுநீர் போட்ட தோப்புகளிலும் தென்னைகள் கருகியே நின்றன.

ஆகவே சொட்டுநீர் வடிவமைப்புக்கு என்னிடம் வருகிறவர்களிடம் முதலில் நான் கேட்பது சித்திரை, வைகாசியில் போர் எவ்வளவு நேரம் நிற்காமல் கொடுக்கிறது என்பதைத்தான். ஐப்பசி மழைக்குப் பின் நாலு இன்ச் தண்ணீர் வருகிறது என்பதை நம்பிப் பல்லாண்டுப் பயிரின் பரப்பைத் தீர்மானிக்கக் கூடாது. குழாய் பதித்த பிறகு பராமரிப்பில்தான் பெரும்பாலோர் தோற்கிறார்கள். நம் ஆழ்துளை நீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம்; குழாயில் நீர் சொட்டும் முனையான சொட்டுவானின் வாயில் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். வடிகட்டியின் இரு பக்கத்து அழுத்தமானிகளும் காட்டும் வித்தியாசம் கூடிக்கொண்டே போனால் வடிகட்டியைக் கழுவ வேண்டும் என்று பொருள். பக்கக் குழாய்களின் கடைசி முனையை வாரம் ஒரு முறை திறந்து கலங்கல் போகும் வரை ஓடவிட வேண்டும். அணில் கடித்த குழாயை ஒட்டாமல் விட்டால் அந்த வரிசையின் கடைசிச் செடிகள் காய்வதைப் பார்த்துவிட்டு, மருந்துக் கடையில் போய் நோய்க்கு மருந்து கேட்கிறவர்களும் உண்டு.

நெல்லில் நீரைக் குறைக்க மிக மலிவான கருவி ஒன்று இருந்தும் அது பரவவில்லை. சுற்றிலும் துளையிட்ட பிளாஸ்டிக் குழாய்த் துண்டை வயலில் பதித்து, அதனுள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு பாய்ச்சும் முறை அது. நீர்த் தேவை 30 விழுக்காடு வரை குறையும். தேங்கிய நீரில் உருவாகும் மீத்தேன் வாயுவும் பெருமளவு குறையும். விவசாயிகள் கேட்பதில்லை என்று குறைப்படுவது எளிது. முறைவைத்துக் கால்வாயில் தண்ணீர் விடும் முறைப்பாசனத்தில் அடுத்த தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத கடைமடைக்காரர் கிடைக்கிற நீரை வயலில் தேக்கி வைப்பது அறியாமையால் அல்ல, தெளிவான கணக்கோடுதான். திறப்புத் தேதி உறுதியாகத் தெரிகிற இடத்திலும், சொந்தக் கிணறு உள்ள நிலத்திலும்தான் இதை நம்பிச் செய்ய முடியும்.

ட்ரோன் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் நீரில் கலக்கும் மருந்தை ட்ரோன் சுமார் 10 லிட்டரில் கலந்து சில நிமிடங்களில் தெளித்து முடிக்கிறது; முதுகில் சுமந்து மருந்தைச் சுவாசித்தவருக்கு இது பெரிய விடுதலை. கரைசல் அடர்த்தியாகவும் துளிகள் நுண்ணியதாகவும் இருப்பதால், காற்று வீசும் நேரத்தில் தெளித்தால் பக்கத்து மல்லிகையிலும் கண்மாய் நீரிலும் போய் இறங்கும். ஆகவே காலை வெயில் ஏறுவதற்கு முன்பே முடிக்க வேண்டும். உரிமம் பெற்ற இயக்குநர்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவனியாபுரம், பெருங்குடி, வலையங்குளம் போன்ற மதுரை விமான நிலையச் சுற்றுப்புற ஊர்களில் முன் அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிடுவது சட்டப்படி குற்றம்.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்ற கேள்விக்கு என் பதில் பெரும்பாலும் வாடகைதான். ஐந்து ஏக்கருக்குள் நிலம் வைத்திருப்பவர் கடனில் டிராக்டர் வாங்கினால், தவணை கட்டுவதற்காக அடுத்தவர் நிலத்திலும் ஈரம் காயாமல் ஓட்ட வேண்டிய நெருக்கடி வருகிறது. மண் இறுகுவதற்கு அதுவும் ஒரு காரணம். வேளாண் பொறியியல் துறையின் இயந்திரங்களை உழவன் செயலியிலேயே முன்பதிவு செய்யலாம். தனியார் வண்டியானால் தரகரிடம் பேசும்போதே மூன்று விஷயங்களை உறுதி செய்துகொள்ள வேண்டும். முந்தைய ஊரின் நெல்லும் களை விதையும் ஒட்டியிருக்காதபடி வண்டியைச் சுத்தம் செய்துதான் வயலில் இறக்க வேண்டும். வயலில் நெல் தாளை எவ்வளவு உயரம் விட்டு அறுப்பது என்பதைப் பேசி முடிக்க வேண்டும். வேகமாக ஓட்டினால் வைக்கோலோடு நெல்மணியும் வெளியே போகும் என்பதால், முதல் சுற்று முடிந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி, பின்னால் விழுந்த கூளத்தைக் கையால் விலக்கித் தரையைப் பார்க்க வேண்டும். மணிகள் அதிகம் சிதறிக் கிடந்தால் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். மணிக் கணக்கில் வாடகை வாங்குகிற ஓட்டுநர் அதற்கு மறுப்புச் சொல்வதில்லை, ஏக்கர் கணக்கில் பேசியிருந்தால்தான் முகம் சுளிப்பார்.