மென்படலச் சூரியக்கலம்

சென்னை ரிச்சி தெருவில் வாங்கும் சோலார் கால்குலேட்டரின் மேற்புறம் அடர்பழுப்பு நிறத்தில் ஒரு சின்னப் பட்டை இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், அதை நாலு கட்டமாகப் பிரிக்கும் மெல்லிய கோடுகள் தெரியும். ஒவ்வொரு கட்டமும் ஒரு தனி செல். கண்ணாடிமேல் படியவைத்த சிலிக்கான் பூச்சு அது. தின் ஃபிலிம் சோலார் செல் என்பது இதுதான்.

ஃபிலிம் என்றதும் சென்னைக்காரருக்குக் கோடம்பாக்கம்தான் நினைவுக்கு வரும். ஆனால் சினிமா பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அந்தச் சொல் இருந்தது. பழைய ஆங்கிலத்தில் அதற்குச் சவ்வு, மெல்லிய தோல் என்று பொருள்; காய்ச்சிய பாலில் படியும் ஆடை மாதிரி. ஒளிப்படத் துறைக்கு அது வந்ததும் ரசாயனப் பூச்சின் பெயராகத்தான். சுருளுக்கு அந்தப் பெயர் பிறகுதான் வந்தது.

தமிழில் இதற்குப் படலம் என்பதே பொருத்தம். சிலர் 'மெல்லிய தகடு' என்று எழுதுகிறார்கள், அது சரியில்லை. தகடு தனியே நிற்கும், படலம் இன்னொன்றின்மேல் படிந்தே இருக்கும். வழக்கமான சிலிக்கான் செல் 100 மைக்ரோமீட்டருக்குமேல் தடிமன் உள்ள தகடு. மென்படலம் ஒருசில மைக்ரோமீட்டர்தான்.

அப்புறம் செல். சிற்றறை என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நாம் கலம் என்கிறோம். 'சூரிய மின்கலம்' என்ற வழக்கும் உண்டு. ஆனால் மின்கலம் என்றால் டார்ச் லைட் பேட்டரிதான் மனதில் வரும். சோலார் செல் எதையும் சேமிப்பதில்லை. பூமியின் நிழலுக்குள் நுழையும் செயற்கைக்கோள் பேட்டரியில்தான் ஓடுகிறது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டியவர்களுக்குச் சூரியக்கலம் என்பதே தெளிவு.

விண்கலத்தில் ஒரு கிலோ எடைக்கு எத்தனை வாட் என்பதுதான் கணக்கு. படலத்தைப் பிளாஸ்டிக் தாளிலும் படியவைக்கலாம், சுருட்டலாம்; எடை குறையும். 2010இல் ஜப்பான் அனுப்பிய இக்காரஸ் விண்கலம், 14 மீட்டர் பக்கமுள்ள சூரிய ஒளிப் பாயை (ஒளியின் தள்ளுதலால் விண்கலத்தை நகர்த்தும் பாய்) விண்வெளியில் தன்னைத்தானே சுழற்றி விரித்தது. பாயின் தடிமன் 7.5 மைக்ரோமீட்டர், அதன்மேலேயே மென்படலச் சூரியக்கலங்கள்.

அப்படியானால் ஏன் எல்லாவற்றிலும் இது இல்லை? நம் மொட்டைமாடியிலிருந்து தெரியும் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட்டுகள் சுமந்துபோகும் பெரிய செயற்கைக்கோள்களில் இருப்பவை பெரும்பாலும் காலியம் ஆர்சனைடு கலங்கள். படும் ஒளியில் 30 சதவீதம்வரை மின்சாரமாக்குபவை அவை. மென்படலம் அந்த அளவு தராது; அதே மின்சாரத்துக்கு அதிகப் பரப்பு வேண்டும். ஆனாலும் தாமிரம், இண்டியம், காலியம், செலினியம் சேர்ந்த படலத்தை ஆய்வாளர்கள் விடுவதாயில்லை. விண்வெளிக் கதிர்வீச்சை அது சிலிக்கானைவிட நன்றாகத் தாங்குகிறது. அடிபட்டாலும் மிதமான சூட்டிலேயே ஓரளவு மீண்டுவிடுகிறது.