உங்கள் மூக்கு சரியாக இருக்கிறது என்று யார் சொன்னது?

சென்ற வாரம் 55 வயதுள்ள ஒருவர் தம் மகளுடன் என்னைப் பார்க்க வந்தார். 30 ஆண்டுகளாக நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் சிகரெட் புகைப்பவர். வீட்டில் கேஸ் குழாயில் கசிவு ஏற்பட்டு, வேலை முடிந்து திரும்பிய மகள் வாசலில் கால் வைத்தபோதே அந்த நெடி தாக்கி உள்ளே ஓடியிருக்கிறார். சமையலறைக்கு அடுத்த அறையில் அப்பா ஒரு கையில் பற்றவைக்காத சிகரெட்டும் மறு கையில் லைட்டருமாக உட்கார்ந்திருந்தாராம். இதைச் சொல்லும்போதே மகளுக்குக் குரல் உடைந்துவிட்டது. அவரோ, "என் மூக்கில் ஒரு குறையும் இல்லை டாக்டர், அன்றைக்குக் கொஞ்சம் சளி, அவ்வளவுதான்" என்றார்.

காது மூக்கு தொண்டை மருத்துவராக இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு மனம் சலித்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன். புகைப்பதால் நுரையீரல் கெடும், இதயம் கெடும் என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. வாசனை அறியும் திறனும் கெடும் என்றால் மட்டும், "அப்படிக் கெட்டிருந்தால் எனக்குத் தெரியாமல் போகுமா?" என்று கேட்கிறார்கள். தெரியாமல்தான் போகும். பார்வை மங்கினால் எழுத்து கலங்குகிறது, காது மந்தமானால் எதிரில் இருப்பவர் இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கிறது. வாசனை குறைந்தால் அப்படிச் சுட்டிக்காட்ட எதுவும் இல்லை. ஆண்டுக்கணக்கில், இரண்டு நாசிகளிலும் சேர்ந்தே, சிறிது சிறிதாகக் குறைவதால் நேற்றைக்கும் இன்றைக்கும் வேறுபாடு தெரிவதில்லை. என்னிடம் வருகிறவர்களில் பலர் மூக்கைப் பற்றிப் பேசுவதே இல்லை. "சாப்பாட்டில் முன்பு போல ருசி இல்லை" என்று நாக்கை நீட்டிக் காட்டுகிறார்கள். உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு போன்ற சில அடிப்படைச் சுவைகளைத்தான் நாக்கு அறியும். நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பகுதி, மெல்லும்போது தொண்டையின் பின்புறம் வழியாக மூக்குக்கு ஏறும் வாசனையே. இது தெரியாமல் சமைத்தவரைக் குறை சொல்லிக்கொண்டும், தட்டில் மேலும் மேலும் உப்பைத் தூவிக்கொண்டும் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு ஏற்கெனவே ரத்த அழுத்தம் இருக்கும்.

அந்தப் பெரியவரைக் கண்களை மூடச் சொல்லி, ஒரு நாசியை அடைத்து, மறு நாசிக்குக் கீழே காப்பித்தூள் உள்ள சிறு குப்பியைப் பிடித்தேன். இரண்டு முறை ஆழமாக இழுத்துவிட்டு, "இன்னும் எதையும் வைக்கவில்லையே?" என்றார். ரோஜா வாசனை உள்ள குப்பிக்கு, "ஏதோ இருக்கிறது, என்னவென்று தெரியவில்லை" என்றார். மூன்றாவதாக அம்மோனியாவைக் காட்டியதும் தலையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது. "பார்த்தீர்களா, நன்றாகத் தெரிகிறதே!" என்றார்.

மக்களை மிகவும் ஏமாற்றுவது இந்த இடம்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். மூக்குக்கு வரும் உணர்வு நரம்புகள் ஒரே வகையல்ல. வாசனையை அறிவது முதலாம் மூளை நரம்பு. எரிச்சல், காரம், குளிர்ச்சி, வலி ஆகியவற்றை அறிவது ஐந்தாம் மூளை நரம்பு. தைலம் தேய்த்ததும் மூக்கில் ஏறும் குளிர்ச்சியும், அம்மோனியா குத்துவதும், புகை கண்ணையும் மூக்கையும் கரிப்பதும் பெரும்பாலும் ஐந்தாம் நரம்பின் வேலை. வாசனை அறியும் திறன் முழுவதும் அற்றுப்போனவர்கூட அம்மோனியாவுக்குத் தலையைத் திருப்புவார். சொல்லப்போனால், எதையுமே முகர முடியவில்லை என்று பொய் சொல்பவரைக் கண்டுபிடிக்க நாங்கள் அம்மோனியாவைப் பயன்படுத்துவதுண்டு. ஆகவே தைலம் தெரிகிறது என்பதை வைத்து உங்கள் மூக்குக்கு நீங்களே நற்சான்று வழங்காதீர்கள். காப்பித்தூளையோ குளியல் சோப்பையோ, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு நாசியாக, வேறொருவர் கையால் முகரக் கொடுத்துப் பாருங்கள்.

இது என் அனுபவம் மட்டும் அன்று. 40 வாசனைகளை அடையாளம் காணச் சொல்லும் ஒரு சோதனையைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 1980களில் உருவாக்கினார்கள். அதைக் கொண்டு 638 பேரைச் சோதித்து 1990இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஆய்வில், புகைப்பவர்களுக்கு முகரும் திறன் குறைந்திருக்கும் வாய்ப்பு, ஒருபோதும் புகைக்காதவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தது. எவ்வளவு அதிகமாக, எத்தனை ஆண்டுகள் புகைத்தார்களோ அவ்வளவுக்குத் திறனும் குறைந்திருந்தது. புகைப்பதை விட்டவர்களுக்கோ, விட்டு எத்தனை ஆண்டுகள் ஆயினவோ அதற்கேற்பத் திறன் மீண்டுகொண்டிருந்தது.

மற்ற பல நரம்பணுக்களைப் போல் அன்றி, மூக்கின் கூரையில் உள்ள முகரும் அணுக்கள் வாழ்நாள் முழுவதும் புதிதாக முளைத்துக்கொண்டே இருப்பதால்தான் இந்த மீட்சி. "வயதாகிவிட்டது, இனி விட்டு என்ன பயன்?" என்று கேட்பவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். ஒரு வாரத்தில் திரும்பிவிடாது. அதிகம் புகைத்தவர்களுக்கு ஆண்டுகள்கூட ஆகலாம், சிலருக்கு முழுமையாகத் திரும்பாமலும் போகலாம். ஆனால் புகைத்துக்கொண்டே இருந்தால், முளைக்கும் அணுக்கள்மேல் நாள்தோறும் அதே புகைதான் படிகிறது. ஃபில்டர் வைத்த சிகரெட் என்பதால் இது மாறாது. புகையில் உள்ள வாயுக்களை ஃபில்டர் தடுத்து நிறுத்துவதில்லை.

சமையல் எரிவாயுவுக்கு இயல்பாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்னும் கந்தகச் சேர்மத்தைச் சிறிதளவு கலக்கிறார்கள். அதாவது, நம் வீடுகளின் பாதுகாப்பு மூக்கை நம்பி ஏற்படுத்தப்பட்டிருக்கிறது. அந்த மூக்கு மந்தமாகிவிட்ட ஒருவர் கையில் எந்நேரமும் லைட்டர் இருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். புகைப்பவர் இருக்கும் வீட்டில் வாயுக் கசிவு அலாரம் பொருத்துங்கள். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் அலாரம் தரைக்கு அருகிலும், குழாய்வழி வரும் இயற்கை எரிவாயு இலேசானது என்பதால் கூரைக்கு அருகிலும் இருக்க வேண்டும். தீப்புகை அலாரமும் தேவை. கெட்டுப்போன உணவை முகர்ந்து கண்டுபிடிக்கலாம் என்று இருக்காதீர்கள். தேதியைப் பாருங்கள், அல்லது வீட்டில் புகைக்காதவரிடம் கொடுத்துக் கேளுங்கள்.

மூக்கடைப்பைத் திறக்கும் சொட்டுமருந்தைத் தாமாகவே வாங்கி மாதக்கணக்கில் விட்டுக்கொள்ளும் பழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். ஒரு வாரத்தைத் தாண்டினால் அதுவே அடைப்பை உண்டாக்கும். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கையும் காலையும் மாலையும் முகர்ந்து பழகும் பயிற்சி, வைரஸ் தொற்றால் வாசனை இழந்தவர்களுக்குப் பயன்பட்டிருக்கிறது. புகைப்பதை விட்டவர்கள் அதை மருத்துவரைக் கேட்டு முயலலாம். புகைப்பதை விடாமல் அந்தப் பயிற்சியைச் செய்வது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதாகும்.

எல்லாப் பழியையும் சிகரெட்டின்மேல் போட்டுவிட்டுச் சோதனைக்கு வராமல் இருப்பதும் தவறு. மூக்கில் வளரும் சதை, சைனஸ் அழற்சி, தலையில் அடிபடுதல், பார்க்கின்சன் நோயின் தொடக்கம் என்று வேறு காரணங்களும் உண்டு. வாசனை திடீரென்று போனாலோ, ஒரு பக்க மூக்கு மட்டும் அடைத்தே இருந்து அதிலிருந்து ரத்தம் கசிந்தாலோ, சளிதான் என்று காத்திருக்காமல் அந்த வாரமே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.