வீட்டுக் கடன் மதிப்பீடு: நாட்கள் எங்கே போகின்றன?

"சார், அறிக்கை எப்போது வரும்?" மதுரையைச் சுற்றியுள்ள வங்கிகளுக்காகச் சொத்து மதிப்பீடு செய்துவரும் எனக்கு நாள்தோறும் வரும் கேள்வி இது. கேட்பவரின் அவசரம் எனக்குப் புரிகிறது. முன்பணம் கொடுத்திருப்பார், ஒப்பந்தக் கெடு நெருங்கிக்கொண்டிருக்கும், விற்பவர் வேறு ஆளைத் தேடத் தொடங்கியிருப்பார். ஆனால் சாதாரண தனி வீட்டை அளந்து பார்க்க எனக்கு ஒரு மணி நேரம் போதும். அறிக்கை எழுத அரை நாள். மீதி நாட்களெல்லாம் காத்திருப்பில்தான் கழிகின்றன. பத்திரத்தில் இருப்பதும் பட்டாவில் இருப்பதும் மண்ணில் இருப்பதும் ஒன்றுதான் என்று உறுதிப்படும்வரை நான் கையெழுத்துப் போட முடியாது.

சென்ற ஆண்டு ஊருக்கு வெளியே ஒரு மாடி வீடு. வாங்குபவர் கிரயப் பத்திரத்தைச் செல்பேசியில் படம் பிடித்து அனுப்பியிருந்தார். முதல் பக்கம் முதல் கையெழுத்துகள்வரை எல்லாம் இருந்தன, சொத்து விவரம் எழுதிய பக்கத்தைத் தவிர. நாங்கள் முதலில் படிப்பதே அந்தப் பக்கத்தைத்தான். சர்வே எண், நான்கெல்லை, நீள அகலம் எல்லாம் அதில்தான் இருக்கும். பக்கம் வந்துசேர இரண்டு நாள். வீட்டுக்குப் போனால் மாடியில் குடியிருப்பவர் பூட்டிவிட்டு வெளியூர் போயிருந்தார். பார்க்காத தளத்தைப் பார்த்ததாக எழுத முடியாது என்பதால் திரும்பிவிட்டேன்.

அடுத்த முறை பக்கமும் இருந்தது, சாவியும் இருந்தது. பத்திரத்தில் கிழமேல் 40 அடி, தென்வடல் 60 அடி. சுற்றுச்சுவருக்குள் நாடாவைப் பிடித்தால் கிழமேலில் முப்பத்தெட்டரை அடிதான் வந்தது. ஒன்றரை அடி என்பது சிறிய விஷயமாகத் தோன்றலாம். 60 அடி நீளத்துக்கு அது 90 சதுர அடி. பத்திர அளவும் நேரில் உள்ள அளவும் வேறுபட்டால் குறைந்ததைத்தான் கணக்கில் எடுப்போம். பக்கத்து மனைக்காரர் உள்ளே வந்துவிட்டாரா என்ற சந்தேகம் வேறு எழும். வேலை அங்கேயே நின்றது.

பட்டாவைக் கேட்டேன். அதில் 2.23 ஏர் என்று இருந்தது. பார்த்ததும் வாங்குபவர் கலங்கிவிட்டார். பத்திரத்தில் சதுர அடி, பட்டாவில் ஹெக்டேரும் ஏரும். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 1,076 சதுர அடி. 2.23 ஏர் என்றால் 2,400 சதுர அடி. பத்திரமும் பட்டாவும் ஒத்துப்போயின. மண்தான் ஒத்துப்போகவில்லை. பட்டாவையும், மனையின் எல்லைகளையும் நீள அகலத்தையும் வரைந்து காட்டும் நில அளவைப் படமான புலப்படத்தையும் அரசின் இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். அப்படியிருந்தும் பத்துக்கு எட்டுப் பேர் புலப்படம் என்ற ஒன்று இருப்பதையே நான் சொல்லித்தான் அறிகிறார்கள். எனக்கு வருத்தம் தருவது இதுதான். வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கும் மண்ணின் படத்தை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டாமா?

வீட்டின் வயதும் இப்படித்தான் நாட்களை விழுங்கும். கான்கிரீட் கட்டடத்துக்கு 60 ஆண்டு ஆயுள் என்று வைத்து, கடைசியில் மிஞ்சும் மதிப்பாகப் பத்து சதவீதத்தை ஒதுக்கித் தேய்மானம் போடுவது வழக்கம். 20 ஆண்டு வீட்டுக்கு 30 சதவீதம் கழியும். "பதினைந்து வருஷம் இருக்கும்" என்ற வாய்ச்சொல் போதாது. கட்டட அனுமதி வரைபடமோ, முதல் வீட்டு வரி ரசீதோ, மின் இணைப்புக் கொடுத்த தேதியோ, ஏதாவது ஒன்று வேண்டும். அனுமதி தரைத்தளத்துக்கு மட்டும் வாங்கி மேலே ஒரு தளம் கட்டியிருந்தால் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். நாங்கள் எப்படியும் பார்த்துவிடுவோம். தாமதமாகத் தெரிந்தால் வங்கி மறுபடியும் கேள்வி எழுப்பி, கோப்பு முதலிலிருந்து தொடங்கும். பத்திரங்கள் வேறொரு வங்கியில் அடமானத்தில் இருந்தால், அங்கே ஒப்படைத்த ஆவணங்களின் பட்டியலை முன்கூட்டியே எழுதி வாங்கி வைத்திருங்கள். வில்லங்கச் சான்றும் கையில் இருக்கட்டும்.

இதையெல்லாம் விட்டுவிட்டுச் சிலர் வெள்ளையடிப்பதில் இறங்குகிறார்கள். வேண்டாம். புதுச் சுண்ணாம்பின் அடியில் விரிசல் இருக்கிறதா என்று தேட எனக்குக் கூடுதல் நேரம்தான் ஆகும்.

"கொஞ்சம் கூட்டிப் போடுங்கள்" என்றும் கேட்பார்கள். 30 லட்சம் முதல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் சொத்து மதிப்பின் 80 சதவீதத்துக்கு மேல் தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. மதிப்பைக் கூட்டினால் கடன் கூடும் என்று நினைப்பது இதனால்தான். அந்தக் கூடுதல் கடனுக்கு 20 ஆண்டு தவணை கட்டப்போவது யார்? நாளை விற்க நேர்ந்தால் அந்த விலை கிடைக்குமா? நான் கூட்டிப் போடுவதில்லை. அதே தெருவில் அண்மையில் பதிவான கிரயங்களின் பத்திர எண் தெரிந்தால் தாருங்கள். அது எனக்கு உண்மையான உதவி. அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு பதிவுக் கட்டணத்துக்கானது. சந்தை விலையை அங்கே நடந்த விற்பனைகளைக் கொண்டுதான் நிறுவ முடியும்.

ஒன்றரை அடிக்கு வருகிறேன். மூன்றாம் முறை புலப்படத்துடன் போனேன். அதில் கிழமேல் 12.2 மீட்டர், அதாவது 40 அடி. கோடு சரி, சுவர்தான் சரியில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்த விற்பவரின் தாயார் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "மழைத் தண்ணீர் போக வழி விட்டு உள்ளே தள்ளித்தானே சுவர் வைத்தோம்" என்றார். முந்தைய இரண்டு முறையும் அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கீழ்ச்சுவருக்கு வெளியே அரளிப் புதரை விலக்கிக் கடப்பாரையால் மண்ணைக் கிளறியபோது, முக்கால் அடி ஆழத்தில் எல்லைக்கல்லின் தலை தெரிந்தது. சுவரிலிருந்து அளந்தோம். சரியாக ஒன்றரை அடி. வீடு கட்டும்போது அருகில் இருந்த ஒருவர் அளக்கும் நாளில் உடன் இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்பதை அதன் பிறகு எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அறிக்கை மறுநாள் காலை வங்கிக்குப் போனது. வாங்குபவரின் ஒப்பந்தக் கெடு முடிய அப்போது நான்கு நாட்கள் இருந்தன.