ராணுவ ரேடியோ ஒப்பந்தச் செய்தியை நம்பிப் பங்கு வாங்குவதற்கு முன்

மென்பொருளால் இயங்கும் ராணுவ ரேடியோ, அதாவது எஸ்.டி.ஆர், தயாரிக்கும் நிறுவனத்துக்கு ஆயிரம் கோடி டாலர் ஒப்பந்தம் என்று செய்தி வந்தால் அதில் முதலில் தேட வேண்டிய சொல் 'உச்சவரம்பு'. 2016-இல் அமெரிக்கத் தரைப்படை, முதுகில் சுமக்கும் மேன்பேக் ரேடியோக்களுக்கு அறிவித்த 1,270 கோடி டாலர் அப்படிப்பட்ட ஒரு வரம்புதான். ஜெனரல் டைனமிக்ஸ், ஹாரிஸ், ராக்வெல் காலின்ஸ் மூன்றுக்கும் சேர்த்து, பல ஆண்டுகளுக்கான மொத்த வரம்பு அது. அதற்குள் வரும் ஒவ்வொரு டெலிவரி ஆர்டரையும் போட்டியிட்டுத்தான் பெற வேண்டும். குறைந்தபட்சம் இவ்வளவு வாங்குவோம் என்று அரசு தரும் உறுதி மிகச் சிறிய தொகை.

2015-இல் ஹாரிஸுக்கும் தேலஸுக்கும் கிடைத்த 390 கோடி டாலர் ரைஃபிள்மேன் ரேடியோ ஒப்பந்தமும் இதே ரகம். அது ஒரே சேனல் ரேடியோ. தரைப்படை பிறகு இரண்டு சேனல் கையடக்க ரேடியோவே வேண்டும் என்று முடிவெடுத்தது. படையின் தேவை மாறினால், கையெழுத்தான ஒப்பந்தத்தின் மதிப்பும் மாறிவிடும்.

எனவே செய்திக்குறிப்பை ஒதுக்கிவிட்டு, அமெரிக்க நிறுவனங்கள் பங்குச்சந்தை ஆணையத்துக்குத் தரும் 10-கே ஆண்டறிக்கையைத் திறக்க வேண்டும். அதில் 'மீதமுள்ள நிறைவேற்றுப் பொறுப்பு', அதாவது ஆர்டர் வந்து இன்னும் செய்து முடிக்காத வேலையின் மதிப்பு, பற்றிய குறிப்பு இருக்கும். இன்னும் ஆர்டராக வராத உச்சவரம்புத் தொகை அதில் சேராது. நிதி ஒதுக்கப்பட்ட ஆர்டர், ஒதுக்கப்படாத ஆர்டர் என்று பிரித்துக் காட்டும் நிறுவனமானால் ஒதுக்கப்பட்டதை மட்டும் கணக்கில் எடுங்கள்.

பணத்தை யார் போட்டார்கள் என்பது அடுத்த கேள்வி. உரிம வருமானத்தின் தலையெழுத்தே அதில்தான் இருக்கிறது. ரேடியோவின் உயிர் அதன் அலைவடிவம்: குறியீடு, பண்பேற்றம், வலைப்பின்னல் விதிகள் எல்லாம் அடங்கிய மென்பொருள். முழுக்க அரசுப் பணத்தில் எழுதப்பட்டால் அமெரிக்க அரசுக்கு அதில் வரம்பற்ற உரிமை உண்டு. இரு தரப்பும் பணம் போட்டிருந்தால் அரசு நோக்க உரிமை, அதாவது அரசு வேலைகளுக்கு மட்டும் பயன்படுத்தும் உரிமை. வழக்கமாக 5 ஆண்டுகளில் அதுவும் வரம்பற்றதாகிவிடும். முழுக்கச் சொந்தப் பணம் என்றால்தான் அரசின் உரிமை குறுகும். அமெரிக்க முப்படைகளின் பொது ரேடியோத் திட்டமான ஜே.டி.ஆர்.எஸ்.-இன் அலைவடிவங்களை அரசு தன் களஞ்சியத்தில் வைத்துப் பல தயாரிப்பாளர்களுக்கும் கொடுத்தது. எழுதிய நிறுவனம் ரேடியோ ஒன்றுக்கு இவ்வளவு என்று ராயல்டி கேட்க அங்கே இடமே இல்லை.

அதே திட்டத்தில் போயிங் தலைமையிலான வாகன ரேடியோ 2011 அக்டோபரில் ரத்தானது. வாங்கும் எண்ணிக்கையைக் குறைத்ததில் ஒரு ரேடியோவின் அடக்கவிலை சட்ட வரம்பைத் தாண்டியது முக்கியக் காரணம். ஹாரிஸோ அத்திட்டத்துக்கு வெளியே, சொந்தச் செலவில் பி.ஆர்.சி.-117ஜி ரேடியோவையும் அதற்கான அலைவடிவத்தையும் உருவாக்கி விற்றது. சொந்த ஆராய்ச்சிச் செலவு என்ற வரியை ஆண்டறிக்கையில் தேடச் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

காப்புரிமை இருக்கிறதே என்று நினைப்பவர்கள் அமெரிக்கச் சட்டத்தொகுப்பு 28, பிரிவு 1498-ஐப் படிக்க வேண்டும். அரசுக்காக, அரசின் ஒப்புதலோடு ஒரு ஒப்பந்ததாரர் உங்கள் காப்புரிமையைப் பயன்படுத்தினால் தயாரிப்பை நிறுத்தும் தடையுத்தரவு கிடைக்காது. அரசின் மீது வழக்குத் தொடுத்து நியாயமான இழப்பீடு கேட்கலாம், அவ்வளவுதான். தடை என்ற ஆயுதம் இல்லாதவரிடம் பேரம் பேசுவது எதிராளிக்கு எளிது.

கைபேசிச் சந்தையில் உரிமத் தொழில் வேறு மாதிரி. கம்பியில்லாத் தொடர்புக் காப்புரிமைகளை உரிமம் தந்து சம்பாதிக்கும் இன்டர்டிஜிட்டலுக்கும் சாம்சங்குக்கும் இருந்த உரிமம் 2022 முடிவில் காலாவதியானது. நடுவர் தீர்ப்பு 2025 ஜூலையில்தான் வந்தது: 8 ஆண்டுகளுக்கு 105 கோடி டாலர். இப்படித் தாமதமாக முடியும் உரிமங்களில் பழைய விற்பனைக்கான பாக்கி ஒரே காலாண்டில் வருமானமாக ஏறும். அதை நான்கால் பெருக்கி ஆண்டு வருமானம் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு தப்பும். தொடர்ந்து வரும் வருமானத்தைத் தனியாகப் பாருங்கள்.

வழக்கை மட்டும் நம்பிய பங்கு இன்னும் ஆபத்து. சிப் நிறுவனமான குவால்காமுக்கு எதிரான காப்புரிமை வழக்கில், பார்க்கர்விஷன் என்ற சிறு நிறுவனத்துக்கு 2013 அக்டோபரில் நீதிமன்ற ஜூரி சுமார் 17.3 கோடி டாலர் வழங்கியது. 2014-இல் நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்தத் தள்ளுபடியை உறுதி செய்தது. தீர்ப்பு வேறு, கைக்கு வரும் பணம் வேறு.

இந்தியாவில் 2021 பிப்ரவரியில் கடற்படையின் எஸ்.டி.ஆர்-டாக் ரேடியோக்களுக்காகப் பாரத் எலக்ட்ரானிக்ஸ் பெற்றது 1,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஒப்பந்தம். அந்த நிதியாண்டில் அதன் விற்றுமுதல் 13,000 கோடிக்கு மேல். இந்த விகிதத்தைப் பார்க்காமல் தலைப்பை மட்டும் பார்த்தால் செய்தி பெரிதாகத் தெரியும். அந்த ரேடியோ டி.ஆர்.டி.ஓ., கடற்படை உள்ளிட்ட அமைப்புகளுடன் சேர்ந்து உருவானது. ஆகவே தயாரிக்கும் நிறுவனத்துக்கு அதில் லாபம் தருவது உற்பத்தியும் பராமரிப்பும்தான். 2025 அக்டோபரில் இந்திய ரேடியோ மென்பொருள் கட்டமைப்பு 1.0 வெளியானது. ஒருவர் எழுதிய அலைவடிவம் இன்னொருவரின் ரேடியோப் பெட்டியிலும் ஓட வேண்டும் என்பதே இந்தத் தரத்தின் நோக்கம். அது நடைமுறைக்கு வந்தால் பெட்டி விற்பவரின் பிடி தளரும். இனி ஒரு எஸ்.டி.ஆர் பங்கை எடைபோடும்போது, அந்த நிறுவனம் பெட்டி மட்டும் செய்கிறதா, சொந்த அலைவடிவமும் வைத்திருக்கிறதா என்று முதலீட்டாளர் கூட்டத்தில் நேரடியாகக் கேளுங்கள்.